மூன்றாவது எச்சரிக்கை

அம்மாவின் வாயைப் பொத்துவதற்காகக் கிறேஸ் கையைக் கொண்டுபோனாள். உதட்டுக்கு ஒரு சாண் கிட்ட வந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது. அப்பா பெட்டிக்குள் கிடக்க, சுற்றிவர ஊர்ப் பெண்டுகள் இருக்க, பெற்ற தாயின் வாயை எப்படிப் பொத்துவது? நெற்றியில் ஒட்டிக் கிடந்த மயிரை ஒதுக்கிவிடத்தான் கை நீட்டியவள்போல ஒதுக்கிவிட்டாள்.

யன்னலுக்கு வெளியே, தகரப் பந்தலுக்குக் கீழே, நிதர்சன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பக்கத்துச் செத்தவீடுகளையெல்லாம் நேரலையில் விடுகிறவன் அவன்தான். இரண்டு விரல் என்றால் நேரலைக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். முதலாவது, காலையில் பெட்டியை வீட்டுக்குள் இறக்கியபோதே வந்தது.

அம்மா அகஸ்ரினா அதைக் காணவில்லை. பெட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தாள். "இஞ்சேருங்கோ..." என்று முதற்சொல்லை உச்சிக்குத் தூக்கி, மூச்சு முடியுமட்டும் அங்கேயே பிடித்துவைத்து, பிறகு ஒவ்வொரு படியாக விக்கி விக்கி இறங்கிவருகிற இழுவை அது. தீவின் அந்தக் கரைக்கென்று உள்ள இழுவை. அடுத்த ஊர்க்காரிகள் விக்கமாட்டார்கள். உச்சியிலிருந்து ஒரேயடியாகக் கீழே போட்டுவிடுவார்கள். பெருநிலத்துப் பக்கம் போனால் மூக்கால் இழுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த ஊர்ச் செத்தவீடு என்று சொல்லிவிடலாம். அகஸ்ரினா அழுதாளென்றால், சும்மா முகம் காட்ட வந்தவளும் தன் வீட்டுச் சாவை நினைத்து அழுதுவிட்டுத்தான் போவாள்.

அவள் மூச்செடுக்கிற இடம் பார்த்துக் கிறேஸ் குனிந்து காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, தம்பிக்குச் சத்தம் போகேல்லையாம்."

குரல் பாதிப் படியில் நின்றது.

தம்பி டிலுக்சன் கடல் கடந்த ஒரு நாட்டின் தடுப்பு முகாமில் இருந்தான். படகில் போய்ப் பிடிபட்டு மூன்று வருடம். சனிக்கிழமைகளில் பத்து நிமிடம் கதைக்க விடுவார்கள். மற்ற நாட்களில் கைபேசி கையில் கிடையாது. நேற்று விடியப்புறம் அப்பா எமிலியானுஸ் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அறுபத்தொன்பது வயது. படகு எஞ்சின் திருத்துகிறவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு எட்டு மாதம் இழுபட்டார். சேதி போனதும் முகாமிலிருந்து பதில் வந்தது. தகப்பனின் அடக்கத்தை முகாம் அதிகாரியின் கந்தோரிலுள்ள கொம்பியூட்டரில் பார்க்க விடுவார்களாம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்த ஒரேயொரு லிங்க். அது அறுந்தால் வேறொன்றுக்கு அனுமதியில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தங்கள் எப்படியோ பார்த்துக்கொள்வார்கள். அவனுக்கு அது ஒன்றுதான். திருப்பிப் பேசவோ எழுதவோ முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை, அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தபோது, அவன் கிறேஸிடம் சொல்லியிருந்தான்: "அக்கா, ஏதும் நடந்தா படத்தை மட்டும் காட்டிப்போட்டு விடாதேங்கோ. எனக்கு வீட்டுச் சத்தம் வேணும். அம்மா அழுறது கேக்கோணும். இஞ்ச நான் தனிய இருந்து அழுதா, விசர் பிடிச்சிட்டுது எண்டு குளிசை தருவாங்கள்."

அம்மாவைக் கைத்தாங்கலாகக் குசினிக்குக் கூட்டிவந்து மர வாங்கில் இருத்தி, ஒரு பிளேன்ரீயைக் கையில் கொடுத்தாள் கிறேஸ். பக்கத்து வீட்டு மாக்கிறட்டும் பின்னாலேயே வந்தாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். பாதிப் பேச்சு இன்னும் இந்தியக் கரையினுடையதுதான். நிதர்சன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான்.

"அன்ரி, குறை நினைக்கவேண்டாம். நீங்கள் அழ, அது அந்தப் பாட்டு எண்டு நினைக்குது."

"எது நினைக்குது?"

"மெசின்தான். ஆரும் ஆள் இருந்து கேக்கிறதில்ல. அந்தப் பாட்டு ஒரு கொம்பனிக்குச் சொந்தம். உங்கட இழுவை கேட்ட உடன, எங்கட பாட்டை இவையள் கேக்காமல் போடுகினம் எண்டு சத்தத்தை வெட்டிப்போடும். ரெண்டு தரம் வெட்டியாச்சு. மூண்டாந்தரம் எண்டா நேரலையையே பூட்டிப்போடும். போன மாசமும் ஒரு செத்தவீட்டில இப்பிடித்தான் நடந்தது. வெளிநாட்டில இருந்த பிள்ளையள் என்னைத்தான் கிழிச்சவை."

"என்ர மனிசனுக்கு நான் அழுறதுக்கு ஆரிட்டக் கேக்கோணும் தம்பி?"

அம்மா அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கந்தோரில் எந்த யன்னலுக்குப் போகவேண்டும் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

அந்தப் பாட்டு எப்படி வந்தது என்றால், அது ஒரு சேதியிலிருந்து வந்தது. தீவின் அந்தக் கரையில், செத்தவரின் பெட்டியை மூடுமுன் அழுகிற பெண், தனக்கு முன்னம் போன தன் ஆட்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவாள். போகிறவர் போகிற இடத்தில் அவர்களைக் காணுவார்தானே. ஆனால் இழுவையில் வைத்துத்தான் அனுப்பவேண்டும். வெறும் பேச்சு கூரையைத் தாண்டாது என்பார்கள். மூடி விழுந்த பிறகு சொல்லுகிறதும் சேராது.

அகஸ்ரினாவிடம் ஒரு சேதி இருந்தது. மூத்த மகன் றெனால்ட் பதினேழு வயதில், சண்டை மறுபடி தொடங்கிப் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிய ஒரு படகில் போனவன். படகும் போய்ச் சேரவில்லை, பிள்ளையும் கரை ஒதுங்கவில்லை. பெட்டிக்குள் வைத்து அழ ஒன்றும் கிடைக்காத பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய தமையன் பத்திநாதன் இலுப்பைக்கடவையில் செத்தபோது, அவர் தலைமாட்டிலிருந்து, "அண்ணா, என்ர ராசாவைக் கண்டால் சொல்லு, கண்டால் சொல்லு" என்று அழுதாள். அதுவும் நேரலையில் போனது. பார்த்தவர்கள் மற்றவர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னும் பலருக்கு அனுப்ப, எட்டாம் நாள் கிறேஸின் கைபேசிக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் தாயாரின் பாரம்பரியக் குரலை உலகத்தின் செவிகளுக்குக் கொண்டு செல்ல விரும்புகிறோம், சம்மதமா? நல்ல தமிழ். கொஞ்சம் அளவுக்கு மீறிய நல்ல தமிழ். கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கிறேஸ் அந்தக் கட்டத்தைத் தொட்டாள். தொடும்போது பெருமையாக இருந்தது. யார்தான் தொடமாட்டார்கள்?

நாலு மாதத்தில் பாட்டு வந்தது. விக்கலையெல்லாம் சீவி வழித்து எடுத்திருந்தார்கள். பத்திநாதன் இல்லை. ராசாவும் இல்லை. 'கண்டால் சொல்லு, கண்டால் சொல்லு' மட்டும் மிச்சம். கீழே மேளம் அடிக்க, காதலனைத் தேடுகிற ஒருத்தியின் பாட்டாக. மெசின் மாற்றிக்கொடுக்க, அதே குரல் சிங்களத்திலும் பாடியது, அரபியிலும் பாடியது, அம்மாவின் வாயில் நுழையாத எத்தனையோ மொழிகளில் பாடியது. கலியாண மண்டபங்களில் அதற்கு ஆடினார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், பிறகு செத்தவீடுகளில் இளம்பெண்கள் அந்தப் பாட்டைப்போலவே அழத் தொடங்கினார்கள். இந்தக் கரைக்காரியும் அடுத்த ஊர்க்காரியும் பெருநிலத்துக்காரியும் ஒரே வழவழப்பான இழுவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த ஊர் என்று இப்போது சொல்லமுடியாது.

அம்மா அதைத் தலைமன்னார் பஸ்ஸுக்குள் கேட்டாள். "ஆரோ நல்லா அழுதிருக்கிறாள். பிறகேன் அதுக்கு மேளம் அடிக்கிறாங்கள்?" என்று பக்கத்திலிருந்த கிறேஸைக் கேட்டாள். இரண்டாம் தரம் 'கண்டால் சொல்லு' வந்தபோது, விறுக்கென்று எழும்பி, இறங்கவேண்டிய இடத்துக்கு முதலே இறங்கிவிட்டாள். வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். முகம் கழுவித் துடைத்த பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அண்ணனிட்டக் குடுத்துவிட்டது போய்ச் சேரேல்ல. அது பஸ்ஸுக்குள்ள நிக்குது."

அன்றிலிருந்து அவள் புருசனின் சாவுக்குக் காத்திருந்தாள் என்று சொன்னால் அது பெரும் பாவம். ஆனால் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்து சுருண்டு படுத்திருக்கிறவரின் காலைப் பிடித்துவிட்டபடி, "நீங்கள் எனக்கு முன்னம் போனியள் எண்டா ஒரு வேலை இருக்கு" என்று அவள் சொன்னதைக் கிறேஸ் கேட்டிருக்கிறாள். "உன்ர வேலை செய்யத்தானே நான் பிறந்தனான். அங்கயும் விடமாட்டாய் போல" என்று அவரும் சிரித்தார்.

குசினிக்குள் அம்மா கேட்டாள்: "கொம்பனிக்கு ஆர் ஓம் எண்டு சொன்னது?"

நிதர்சன் கிறேஸைப் பார்த்தான். பிறகு தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"நான்தான் அம்மா. மாமா செத்து எட்டாம் நாள். நல்லது எண்டு நினைச்சனான்."

அம்மா கையிலிருந்த கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு வார்த்தை பேசியிருந்தால், ஓர் அறை விட்டிருந்தால்கூட, கிறேஸுக்கு ஆறியிருக்கும்.

"சீனி காணாது" என்று சொல்லிக் கிளாசை நீட்டினாள் அம்மா.

கிறேஸ் சீனி போட்டுக் கலக்கினாள். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே நின்றாள்.

"சத்தத்தை நிப்பாட்டினா என்ன?" என்று நிதர்சனைக் கேட்டாள்.

"நிப்பாட்டலாம் அக்கா. என்னட்ட ஒரு மியூசிக் இருக்கு, ஒரு பிரச்சினையும் வராதது. அதைப் போட்டுவிடலாம். வேதக்காரர், சைவக்காரர் எல்லாருக்கும் அதுதான் போடுறனான். ஒருத்தரும் குறை சொன்னதில்ல." கைபேசியில் கொஞ்சம் போட்டும் காட்டினான். மழைத்தண்ணீர் சொட்டுவதுபோல் பியானோ, இடையிடையே புல்லாங்குழல்.

"பல்லுப் புடுங்கப் போனப்ப அங்க இதத்தான் போட்டிருந்தாங்க" என்றாள் மாக்கிறட்.

"ஊமைப்படமோ பாக்கப்போறான் என்ர பிள்ளை?" என்றாள் அம்மா.

"அப்ப ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் நிப்பாட்டுறன் அன்ரி. நீங்கள் அழுது முடிச்ச உடன திருப்பிப் போட்டுவிடுறன்."

"அழுகை என்ன பைப் தண்ணியோ தம்பி, திறந்து பூட்ட? துவங்கினா நான் எப்ப முடிப்பன் எண்டு எனக்கே தெரியாது. முடியக்குள்ள பெட்டியும் மூடியாயிடும். பிறகு அவன் எதைக் கேக்கிறது, ஆணி முறுக்கிறதையோ?"

மாக்கிறட் கிட்ட வந்து குந்தினாள். "அக்கா, நான் வேணா அழறேன். முகாம்ல நாங்க அழுவுற மெட்டு வேற. இந்த மெசினுக்கு அது தெரியாது. நீங்க சேதிய எங்கிட்டச் சொல்லுங்க, அதுல வச்சு அனுப்பிடறேன்."

அம்மா மாக்கிறட்டின் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள்.

"றெனால்ட்டுக்கு உங்கட மெட்டுத் தெரியாது மாக்கிறட். ஆரோ ஆருக்கோ அழுகினம் எண்டு அவன் திரும்பியும் பாக்கான்."

அடுப்பில் பெரிய கேத்தில் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. நிதர்சன்தான் கடைசியில், நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"ராகமில்லாமல் அழலாம் அன்ரி. சும்மா கதைக்கிற மாதிரி. அதை வெட்டாது."

சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டான்.

அம்மா வாங்கிலிருந்து எழுந்தாள். "நான் இழுத்து அழுதா, அதுக்குப் பிறகு அவனுக்கு ஒண்டும் தெரியாதோ?"

"தெரியாது அம்மா."

"குழியில இறக்கிறதும்?"

"ஓம்."

சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா முன்னறைக்குப் போனாள். என்ன முடிவு என்று சொல்லவில்லை.

அதன்பிறகு இரண்டு மணித்தியாலம் அந்த வீடு இருந்த இருப்பைக் கிறேஸ் சாகும்வரை மறக்கமாட்டாள். வருகிற பெண்களை வீட்டுக்காரி கட்டிப்பிடித்துச் சொல்லிச் சொல்லி அழவேண்டும். வந்தவளும் தோளில் விழுந்து பதில் சொல்லி அழவேண்டும். அம்மா கட்டிப்பிடித்தாள். அழவில்லை. முதுகை இரண்டு தரம் தட்டிவிட்டு விட்டுவிட்டாள். வந்தவர்கள் திறந்த வாயை மூடிக்கொண்டு, எங்கே இருப்பது என்று தெரியாமல் சுவரோரம் போய் இருந்தார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மெழுகுதிரி உருகிச் சொட்டுகிறதுகூடக் கேட்டதுபோலிருந்தது.

முசலியிலிருந்து சாஹுல் ஹமீட் வந்தார். அவருடைய படகு எஞ்சின் முப்பது வருடமாக அப்பாவின் கையில்தான் ஓடியது. பெட்டியருகில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்து, கிறேஸைப் பந்தற்காலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒரு சத்தமும் இல்லாம இருக்கவும், வீடு மாறி வந்திட்டனாக்கும் எண்டு நினைச்சன் மகள். உம்மாக்குச் சுகமில்லையா?"

"தொண்டை அடைச்சுப்போச்சு மாமா" என்றாள் கிறேஸ்.

அவர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டார்.

உள்ளே பெண்கள் குசுகுசுத்தார்கள். தமையனுக்கு அப்படி அழுதவள் புருசனுக்கு அழக் காணவில்லையே என்று பிறகு வந்த ஒருத்தி. எட்டு மாதம் மூத்திரம் அள்ளினவளுக்குக் கண்ணீர் எங்கே மிஞ்சும் என்று இன்னொருத்தி. எல்லாம் அம்மாவுக்குக் கேட்கிற தூரத்தில்தான்.

மூன்றரைக்குப் பங்குச் சுவாமி வந்தார். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, "கடைசியாப் பாக்கிறாக்கள் பாருங்கோ" என்று விலகி நின்றார். பெண்களெல்லாம் முழங்காலில் நகர்ந்து கிட்ட வந்தார்கள். அகஸ்ரினா முதற்சொல்லைத் தூக்கினால் மற்றவர்களும் சேர்ந்து தூக்குவதற்குத் தயாராக இருந்தார்கள். நிதர்சன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு யன்னலோரம் நின்றான். கிறேஸ் அம்மாவின் தோளைப் பிடித்திருந்தாள். அம்மா அழுதால் தடுப்பதில்லை என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்துகொண்டாள். தம்பியின் காலில் பிறகு விழலாம்.

அம்மா குனிந்தாள். கழுத்து நரம்பு புடைத்து எழும்பியது. சொல் தொண்டைக்கு வந்தது, பல்லுக்கு வந்தது. பிறகு அம்மா எச்சிலை விழுங்கினாள். ஒரு தரம், இரண்டாம் தரம். வேலை செய்கிற கொட்டில் வாசலில் நின்று அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், எழுச்சியுமில்லாமல் இறக்கமுமில்லாமல், சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. பெரியவனைக் கண்டாச் சொல்லுங்கோ. அண்டைக்கு அவன் மாட்டன் மாட்டன் எண்டு நிண்டவன். நான்தான் பிடரியில பிடிச்சுப் படகில ஏத்தினனான். கோவத்தில இல்ல எண்டு சொல்லுங்கோ. விடியக்குள்ள வந்து பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்ட பயத்தில எண்டு சொல்லுங்கோ."

நிறுத்தினாள். கடைக்குப் புறப்பட்டவரிடம் மறந்த சாமானைச் சொல்வதுபோல் மறுபடி குனிந்தாள்.

"அவனுக்கு நான் சாப்பாடு கட்டிக் குடுக்கேல்ல. அதையும் சொல்லுங்கோ."

யாரும் அழவில்லை. இதற்கு எப்படி அழுவது என்று அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை. மாக்கிறட் மட்டும் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினாள். நிதர்சன், ஒன்றும் வெட்டுப்படவில்லை என்று காட்டுவதற்குப் பெருவிரலைத் தூக்கப் போனவன், பாதியில் கையை இறக்கிக்கொண்டான். மூடியைக் கொண்டுவந்தார்கள்.

சேமக்காலை கடலோரம். குழி தோண்டத் தோண்ட மணல் சரிந்துகொண்டே இருந்ததாம். பலகை வைத்துத்தான் தோண்டியிருந்தார்கள். நிதர்சன் கைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி, குழி நேரே தெரியும்படி வைத்தான். பெட்டி இறங்கியது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மண்வெட்டிச் சத்தம், காற்று, சுவாமியின் கடைசி வார்த்தை எல்லாம் ஒன்றும் தடைப்படாமல் போயின. குருசை நட்டு, பூமாலைகளைச் சாத்தி, சனம் இரண்டு மூன்று பேராகக் கழன்று வாசல் பக்கம் நடந்தது.

அம்மா மண்மேட்டின் கால்மாட்டில் அப்படியே நின்றாள். கிறேஸ் கிட்டப் போனாள்.

"அம்மா, அவனை நிப்பாட்டச் சொல்லுறன். எல்லாம் காட்டியாச்சு. இனி நீங்கள் அழலாம்."

"மூடியாச்செல்லோ பிள்ளை" என்றாள் அம்மா.

நிதர்சன் முக்காலிக்குப் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, பாத்துக்கொண்டிருந்தவை எல்லாரும் போயிட்டினம். ஒராள் மட்டும் இன்னும் நிக்கிறார். நிப்பாட்டட்டோ?"

கிறேஸ் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள்: "விடு தம்பி. அவன் பாக்கட்டும்."

கடற்காற்றுக்கு மணல் மேட்டின் மேலிருந்து மெல்ல மெல்லக் கழன்று ஓடியது. அம்மா கைபேசி நிற்கிற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதற்கும் மண்ணுக்கும் நடுவில் தான் நிற்பதைக் கண்டதும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.